சார்ட் லேஅவுட்டுக்குப் பணம் கேட்கிறார்களா? கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பங்கு விலை வரைபடங்களைக் காட்டும் டிரேடிங்வியூ தளத்தில் சார்ட் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். 'இங்கே ஏன் வாங்கினேன்' என்று இரண்டு வரி எழுதப் போனால், எழுத்து, விலையைக் காட்டும் கட்டைகளான கேண்டில்கள் மேலேயே விழும். அடியில் எழுதலாம் என்றால் அங்கே எவ்வளவு கைமாறியது என்று காட்டும் வால்யூம் கம்பிகள். எனக்கோ ஒவ்வொரு டிரேடுக்கும் குறிப்பு எழுதும் பழக்கம்.

2024 ஏப்ரலில் டெலிகிராம் குழு ஒன்றில் ஒருவர், குறிப்பு எழுத இடம் விட்டு லேஅவுட், அதாவது சார்ட்டின் அமைப்பு, செய்து தருவதாகச் சொன்னார். 3,500 ரூபாய் அனுப்பினேன். "உங்க இலவசக் கணக்குல இது வராது சார், என் லாகினையே வச்சுக்குங்க" என்றார். திறந்தால் வலப்பக்கம் தாராளமாக இடம், வால்யூம் கீழே தனியாக. ஏழு மாதம் அதிலேயே எழுதினேன்.

அந்த ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாள், பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 1,379 புள்ளி விழுந்ததே! அந்த நீளச் சிவப்பு கேண்டில் பக்கத்தில் மட்டும் பதினோரு வரி எழுதியிருந்தேன். முந்தின நாள் ஏற்றத்தில் எதை நம்பி வாங்கினேன், எந்த விலையில் பயந்து விற்றேன், எல்லாம்.

நவம்பரில் ஒரு காலை, சந்தை திறக்கும் நேரத்தில், பாஸ்வேர்ட் தவறு என்று வந்தது. கேட்டால், இன்னும் 2,000 அனுப்பச் சொன்னார். மறுத்தேன், பிளாக் செய்துவிட்டார். வரைந்த கோடும் எழுதிய குறிப்பும் லேஅவுட்டோடு அவர் கணக்கில்தான் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். பணம் வரவில்லை.

அவர் விற்றது என்ன தெரியுமா? சார்ட்டின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, செட்டிங்ஸில் கேன்வாஸுக்குப் போங்கள். மார்ஜின் என்று மேல், கீழ், வலது மூன்று பெட்டிகள் இருக்கும். வலதில் 40 போட்டால் கடைசி கேண்டிலுக்கு அப்பால் 40 கேண்டில் அகலம் காலியாகும். மேலே 25 சதவீதம் போட்டேன். வால்யூமை அதன் மெனுவிலிருந்தே கீழே தனிப் பகுதிக்கு நகர்த்தலாம். என் இலவசக் கணக்கிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

யார் லேஅவுட் கொடுத்தாலும் பகிரும் இணைப்பாகக் கேளுங்கள். உங்கள் கணக்கில் நகல் எடுத்துச் சேமித்த பிறகே முதல் குறிப்பை எழுதுங்கள். வாரம் ஒருமுறை கேமரா ஐகானை அழுத்திப் படமாகவும் எடுத்து வையுங்கள்.

ஜூன் 4 குறிப்பை நினைவிலிருந்து திரும்ப எழுதிப் பார்த்தேன். நாலு வரிதான் வந்தது.