வியாழன் இரவு 9 மணி: மொழிப் பரிமாற்றச் செயலியுடன் 14 மாதங்கள்

நான் பயன்படுத்தும் மொழிப் பரிமாற்றச் செயலியின் ஆண்டுக் கட்டணத்தை 120 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 70 வெள்ளிக்குக் குறைத்துவிட்டார்கள், சேரலாமா என்று வகுப்புத் தோழி கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

முறை தெரிந்ததுதான்: அரை மணி நேரம் என் மொழி, அரை மணி நேரம் எதிரில் இருப்பவரின் மொழி. எனக்கு அமைந்தவள் ஜப்பானில், ஒசாகாவில் படிக்கும் மாணவி. இங்கே சிங்கப்பூரில் 9 மணி என்றால் அங்கே 10. சிங்கப்பூருக்குச் சுற்றுலா வந்தபோது ரயில் நிலையப் பலகைகளில் பார்த்த எழுத்து பிடித்துப்போய்த் தமிழ் கற்கத் தொடங்கியவள். வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். இந்த ஊரில் வளர்ந்த எனக்கு, ஆங்கிலம் கலக்காமல் அரை மணி நேரம் தமிழ் பேச ஆள் கிடைத்தது ஒசாகாவில்!

ஆறாவது வாரம் அவள் முதன்முதலாக ரசம் சாப்பிட்ட கதையைச் சொன்னாள். "தபெதெ மிமாஷ்தா" என்றாள், ஜப்பானிய மொழியில். 'தபெதெ' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார். சாப்பிட்டுப் பார்த்தேன்! நாக்கின் வேலைக்கு நாம் கண்ணைக் கூப்பிடுகிறோமே, அதையே அவர்களும் செய்கிறார்கள். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. அந்த 'ஒகு'வும் நம் 'வை'தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்து கொரெ, சொரெ, அரெ: 'கொரெ' என்றால் இது, 'அரெ' என்றால் அது, சரி. நடுவில் கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் 'சொரெ'வுக்கு என்னிடம் சொல் இல்லை. யாழ்ப்பாணப் பூர்வீகமுள்ள தோழியிடம் சொன்னேன். "உது" என்றாள், யோசிக்காமல். இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ எழுதியதை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்பு வேண்டாம். வாக்கியத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு மொழியிலிருந்து மற்றதற்கு அப்படியே தூக்கி வைக்க முடிகிறது, அது போதும்.

இதற்கு நடுவில்தான் செயலியின் தானியங்கி மொழிபெயர்ப்பு வந்து உட்காருகிறது. நாம் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரியின் கீழும், கேட்காமலே, ஆங்கிலம். 'சாப்பிட்டுப் பார்த்தேன்' என்றால் 'சாப்பிட்டேன், கண்டேன்' என்று அவளுக்குக் காட்டுகிறது. அமைப்புகளில் நிறுத்தலாம், அடுத்த புதுப்பிப்பில் மறுபடி முளைத்துவிடும். நான் நிறுத்தினாலும் அவள் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருக்கும். செயலி நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே நன்றிக் கடிதம். முதல் இரண்டு மாதம் அந்த ஆங்கில வரி எனக்கும் ஊன்றுகோலாக இருந்தது, மறுக்கவில்லை. குரல் தெளிவு, எழுதியதைத் திருத்தித் தரும் வசதி, இரண்டும் அருமை.

ஆனால் போன மாதம் என் பாட்டி இறந்தார். "பாட்டி தவறிவிட்டார், இந்த வாரம் வர முடியாது" என்று அனுப்பினேன். மண்டாய் தகனச்சாலையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பதில் வந்தது: சிரிக்கும் முகம், கூடவே "பாட்டி என்ன தப்புச் செய்தார்?" பாட்டி ஏதோ தப்புச் செய்துவிட்டதாக ஆங்கிலத்தில் காட்டியிருக்கிறது. அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்தச் செயலியை அன்றே அழித்துவிடலாம் என்றிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் பென்சிலால், 'ற' மட்டும் இரண்டு முறை அழித்து எழுதியிருந்தாள்: "பாட்டி மறைந்துவிட்டாரா? என்னை மன்னித்துவிடுங்கள்." ஜப்பானியர்களும் இறந்தார் என்று நேராகச் சொல்வதில்லையாம், 'நகுனாரிமாஷ்தா', இல்லாமல் போனார் என்பார்களாம். அகராதியில் 'தவறு' என்ற சொல்லின் கீழே கடைசிவரை படித்துப் பார்த்திருக்கிறாள். படத்தில் இருக்கும் எழுத்தை அந்தச் செயலியால் படிக்க முடியாது. அன்றிலிருந்து நாங்கள் தட்டச்சு செய்வதே இல்லை. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பிக்கொள்கிறோம்.

வகுப்புத் தோழிக்கு என் பதில்: சேராதே. 70 வெள்ளி இல்லை, 7 வெள்ளி என்றாலும் வேண்டாம். என் சந்தா மார்ச்சில் முடிகிறது, புதுப்பிக்க மாட்டேன். என் ஜப்பானியத் தோழியிடம் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டேன். முதல் கடிதம் ஒசாகாவிலிருந்து கிளம்பிவிட்டதாம்.