பரிமாற்ற இடமா, சொந்த முயற்சியா? வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க இரு வழிகள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு செமஸ்டர் படிக்க விரும்புபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் போட்டு வைத்திருக்கும் பரிமாற்ற ஒப்பந்தத்தின் கீழ் போகலாம். அல்லது ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், பிடித்த இடத்துக்கு நேரடியாக விண்ணப்பித்துப் போகலாம். இப்படிப் போகிறவர்களை 'ஃப்ரீ மூவர்' என்பார்கள். பெரும்பாலோர் இரண்டையும் கட்டணத்தை வைத்தே எடைபோடுகிறார்கள். படிப்பு ஒரு செமஸ்டர் தள்ளிப்போகுமா என்பதைத் தீர்மானிப்பதோ கிரெடிட்டும் கால அட்டவணையும்தான்.

முதலில் பணம். பரிமாற்றத்தில் அங்கே டியூஷன் கட்டணம் (படிப்புக்கான கட்டணம்) கிடையாது. சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுவதையே கட்டினால் போதும். போகிறவர் எண்ணிக்கையும் வருகிறவர் எண்ணிக்கையும் சமமாக இருக்கும் என்ற கணக்கில்தான் இது ஓடுகிறது. அதனால்தான் இடங்கள் குறைவு. ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் பரிமாற்றத் திட்டம் (1987-இல் எராஸ்மஸ் என்ற பெயரில் தொடங்கியது) டியூஷனோடு பதிவு, தேர்வு, ஆய்வகம், நூலகம் ஆகியவற்றுக்கான கட்டணத்தையும் நீக்கிவிடுகிறது. காப்பீடு, மாணவர் சங்கம், நகலெடுப்பு போன்ற சில்லறைச் செலவுகளை மட்டும் உள்ளூர் மாணவருக்குச் சமமாக வாங்கலாம். உதவித்தொகையில் ஒரு பகுதியை முடிவில் தருவது வழக்கம் என்பதால், அறை முன்பணத்துக்கும் முதல் மாதச் செலவுக்கும் கையில் பணம் வேண்டும்.

ஃப்ரீ மூவர் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆனால் எல்லா நாட்டிலும் அது பெரிய தொகை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷனே இல்லை, செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும்தான். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் விதிவிலக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். அங்கேயும் ஒப்பந்தத்தில் வரும் பரிமாற்ற மாணவருக்கு விலக்கு உண்டு. ஆக, டியூஷன் அதிகமுள்ள அமெரிக்காவுக்குப் பரிமாற்றத்தில் இடம் கிடைத்தால் மிச்சமாகும் தொகை மிகப் பெரியது. ஜெர்மனிக்கு அது அவ்வளவு பெரிதல்ல.

அடுத்தது கிரெடிட். பலரும் சறுக்குவது இங்கேதான். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் என்றால் 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கிரெடிட் அளவு). ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அமெரிக்கக் கணக்கில் இது ஏறக்குறைய 15 கிரெடிட், பிரிட்டனில் 60. பரிமாற்றத்தில் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்பதைப் புறப்படுமுன்பே எழுதி வைப்பார்கள். எராஸ்மஸில் இதை 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்பார்கள். மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் கையெழுத்திட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பட்டியல் அப்படியே நிற்பது அபூர்வம். ஒரு பாடம் அடுத்த செமஸ்டரில்தான் நடக்கும், இன்னொன்று நேர அட்டவணையில் மோதும், மூன்றாவது உள்ளூர் மொழியில் நடக்கும். ஆகவே 30-க்கு மேல் இரண்டு மூன்று மாற்றுப் பாடங்களுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். பாடத்திட்டத்தை வாராந்தர மணி நேரம், தேர்வு முறை, கல்வியாண்டு ஆகியவை தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். பாடத்தை மாற்றினால் வாய்மொழி ஒப்புதல் போதாது. மாற்றுவதற்கான கெடு முடியுமுன் மின்னஞ்சலில் ஒப்புதல் வர வேண்டும்.

ஃப்ரீ மூவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தானாக நடக்காது. இதே போன்ற தாளைத் தானே தயாரித்து, கட்டணம் கட்டுமுன் துறைத்தலைவரிடமும் தேர்வுப் பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும். கட்டிய பிறகு கேட்டால், "வந்ததும் பார்க்கலாம்" என்பதுதான் பதிலாக இருக்கும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு: சில பல்கலைக்கழகங்கள் அந்தப் பருவத்தை விடுப்பாகக் கணக்கிடும். மாணவர் என்ற தகுதி இடைநின்றால் உதவித்தொகை, காப்பீடு, விடுதி அறை மூன்றுக்கும் ஆபத்து. மதிப்பெண் அப்படியே ஏறுமா, வெறும் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகுமா என்பதை இரு வழியிலும் கேட்டுவிடுங்கள்.

கால அட்டவணையில் பரிமாற்றத்துக்குத் தனிச் சலுகை எதுவுமில்லை. ஜெர்மனியின் குளிர்காலப் பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை. வகுப்புகள் பிப்ரவரியில் முடிந்தாலும் தேர்வு மார்ச் வரை இழுக்கலாம். ஜனவரியில் உங்கள் வகுப்பு தொடங்கினால் இது ஒத்துவராது. அமெரிக்காவின் ஆகஸ்ட் பருவம் டிசம்பரில் முடிந்துவிடும். பிரிட்டனில் வகுப்பு டிசம்பரில் முடிந்தாலும் பல இடங்களில் தேர்வு ஜனவரியில்தான். பரிமாற்ற மாணவருக்கு மாற்று மதிப்பீடு உண்டா என்பதை விண்ணப்பிக்குமுன் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

விசாவும் வழிக்கேற்ப மாறும். அமெரிக்காவில் பரிமாற்ற மாணவருக்குப் பெரும்பாலும் ஜே-1, ஃப்ரீ மூவருக்கு எஃப்-1. ஜே-1 விதிப்படி மருத்துவக் காப்பீடு ஒரு நோய்க்கு அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலராக இருக்க வேண்டும், நாம் முதலில் ஏற்கும் தொகை 500 டாலரைத் தாண்டக்கூடாது. மலிவான பயணக் காப்பீடுகள் பல இதில் அடிபட்டுப்போகும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா 180 நாட்களில் 90 நாட்களுக்குத்தான் செல்லும், ஒரு முழு செமஸ்டருக்குப் போதாது.

பரிமாற்றத்தில் அதிகம் பேர் தவறவிடுவது இரண்டாவது விண்ணப்பத்தை. சொந்தப் பல்கலைக்கழகம் பெயரைப் பரிந்துரைப்பது ஒரு கட்டம். போகும் பல்கலைக்கழகத்தில் தனியாக விண்ணப்பிப்பது இன்னொன்று. பரிந்துரைத்தாலே இடம் கிடைத்துவிட்டது என்று இருந்தால் கெடு போய்விடும். விடுதிக்குப் பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு கெடுவும் இருக்கும். பல இடங்களில் பரிமாற்ற மாணவருக்கென்று சில அறைகளை ஒதுக்கி வைப்பார்கள். ஃப்ரீ மூவர் வெளியே தேட வேண்டும், ஓராண்டு ஒப்பந்தம் கேட்கும் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

தேவையான பாடங்கள் ஒப்பந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் பரிமாற்றம்தான் சரி, யோசிக்க ஒன்றுமில்லை. குறிப்பிட்ட ஆய்வகமோ பேராசிரியரோ வேறெங்கும் இல்லை என்றாலும், பரிமாற்ற இடம் கைநழுவி, போகும் நாட்டில் டியூஷனும் இல்லை என்றாலும் சொந்த வழி தகும். எதில் போனாலும் அங்கிருந்து கிளம்புமுன் நூலகப் பாக்கியை அடைத்துவிடுங்கள். அது நிலுவையில் இருந்தால் பல இடங்களில் மதிப்பெண் சான்றிதழைத் தர மாட்டார்கள். எராஸ்மஸில் போனவர் தொடக்க, முடிவுத் தேதிகள் உள்ள வருகைச் சான்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். உதவித்தொகையின் கடைசிப் பகுதியை அந்தத் தேதிகளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.