அழாமல் பிறந்த குழந்தைக்கு ஓசோனா, குளிரூட்டலா?

"பிறந்ததும் குழந்தை அழவில்லை." வயிற்றுக்குள்ளேயோ பிரசவ நேரத்திலோ மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் போன குழந்தையைப் பற்றிப் பெற்றோர் முதலில் சொல்வது இதைத்தான். அப்புறம் யாராவது ஓசோன் சிகிச்சையைப் பற்றிச் சொல்வார்கள். மருத்துவரோ உடம்பைக் குளிர வைக்க வேண்டும் என்பார். இரண்டும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

ஓசோனில் மூன்று ஆக்சிஜன் அணுக்கள். அதனால் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. ரஷ்யாவில் ஓசோனைச் சலைனில் கரைத்து ரத்தக் குழாய் வழியே ஏற்றும் பழக்கம் உண்டு. சிறிய அளவில் கொடுத்தால் உடம்பு தானாகவே ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் நொதிகளைச் சுரக்கும் என்பது அவர்கள் வாதம். ஆனால் இந்தக் குழந்தைகளுக்குச் சேதத்தில் ஒரு பகுதி ஆக்சிஜன் போதாமல் போனபோது நடக்கிறது; மீதி, ரத்த ஓட்டம் திரும்பிய பிறகு, பல மணி நேரம் கழித்து. அந்த இரண்டாம் கட்டத்தில் செல்களை அரிப்பவற்றில் முக்கியமானவை ஆக்சிஜனிலிருந்து உருவாகும் நிலையற்ற மூலக்கூறுகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்). அதனால்தான் மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்கும்போதுகூட, 100 சதவீத ஆக்சிஜனை விட்டுவிட்டு 21 சதவீதமுள்ள சாதாரணக் காற்றில் தொடங்குகிறார்கள். ஆக்சிஜனுக்கே இவ்வளவு கணக்குப் பார்க்கும் இடத்தில், அதைவிட வீரியமாக ஆக்சிஜனேற்றம் செய்யும் ஓசோனை ஏற்றுவதா? தரமான பெரிய ஆய்வு எதுவும் அதற்குத் துணையாக இல்லை.

குளிரூட்டல் வேறு கதை. 36 வாரமோ அதற்கு மேலோ நிறைந்து பிறந்து, மிதமான அல்லது தீவிர மூளைப் பாதிப்பு உள்ள குழந்தைக்கு, 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம். குளிர்நீர் ஓடும் மெத்தை, ஆசனவாயில் மெல்லிய வெப்பமானி, தலையில் மூளை அலையைப் பதியும் கம்பிகள். தொட்டால் கை சில்லென்று இருக்கும்; பெற்றவர்களுக்கு அதைப் பார்ப்பதே கஷ்டம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பு 11 ஆய்வுகளில் 1505 குழந்தைகளைப் பார்த்தது. சுமார் 7 குழந்தைகளைக் குளிரூட்டினால் ஒருவர் மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறார்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் குளிரூட்டல் பலன் தரவில்லை, இறப்பு கூடியது. ஆகவே நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு இருப்பது மட்டும் போதாது; எந்தக் குழந்தைக்குப் பொருந்தும் என்ற சரியான தேர்வும் இல்லாமல் குளிர வைப்பது ஆபத்து.

சரி, குளிரூட்ட வழியே இல்லையென்றால்? காய்ச்சல் ஏறாமல், சர்க்கரை குறையாமல், வலிப்பைக் கவனித்து அடக்கி, மூச்சுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் துணை நிற்பதே சிகிச்சை. அந்த இடத்தையும் ஓசோனுக்குக் கொடுக்கத் தேவையில்லை. குழந்தை பிறந்த நேரத்தை நிமிடத்தோடு குறித்துக்கொண்டு, "இந்தக் குழந்தைக்குக் குளிரூட்டல் பொருந்துமா, அந்த வசதி இங்கே இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே, எப்போது கிளம்பலாம்?" என்று உடனே கேளுங்கள்.