ட்ராப்டோர் கார்பைன்: 70 கேட்கவில்லை, 55தான் கேட்டது

1873 ஸ்பிரிங்ஃபீல்ட் ட்ராப்டோர் கார்பைனின் (அமெரிக்கக் குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கி) நகல், இத்தாலியில் செய்தது, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. 45-70 தோட்டா, 22 அங்குலக் குழல். மேல் மூடியைப் பெட்டி திறப்பதுபோல் தூக்கி, தோட்டாவைத் தள்ளி, சாத்தினால் ‘டக்’ என்று உட்காரும் பாருங்கள், அதற்கே பாதிக் காசு கொடுக்கலாம். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம் நுழையாது. விசை மட்டும் கொஞ்சம் கனம்.

ஆனால் முதல் மூன்று மாதம் இதை விற்றுவிடலாமா என்றுதான் இருந்தேன். தோட்டாவின் பெயரிலேயே 70 இருக்கிறதே என்று 70 கிரெய்ன் (சுமார் நாலரை கிராம்) கருமருந்து போட்டேன். இப்போதைய பித்தளைக் கூட்டின் சுவர் தடிப்பு, அதனால் மருந்தை அமுக்கித்தான் திணிக்க வேண்டியிருந்தது. சுட்டால் தோள் வீங்கியதுதான் மிச்சம், 50 யார்டில் ஐந்து குண்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. அப்புறம்தான் உறைத்தது, அந்த 70 காலாட்படையின் நீளத் துப்பாக்கிக்கானது. குதிரைப்படைக் கார்பைனுக்கு அமெரிக்க ராணுவமே 55 கிரெய்ன்தான் போட்டது, குண்டு அதே 405 கிரெய்ன், அதாவது 26 கிராம் சொச்சம். மாறிவிடக்கூடாது என்று 1877 முதல் கூட்டின் அடியில் கார்பைனுக்கு ‘சி’, ரைஃபிளுக்கு ‘ஆர்’ என்று எழுத்தும் குத்தினார்கள்.

சரி, 55க்கு இறங்கினால் கூட்டில் இடம் காலி. கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று நிற்கவே கூடாது, குழல் உப்பிக் கெட்டுப்போகும். மருந்தின் மேல் ஒரு அட்டை வில்லை, மிச்ச இடத்துக்குச் சோள ரவை, குண்டை உட்காரவைத்தால் ரவை லேசாக இறுகும் அளவுக்கு. குண்டு 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு தகரம், பள்ளங்களில் தேன்மெழுகும் மாட்டுக் கொழுப்பும். கடினமான குண்டையும் நவீன மெழுகையும் போட்டுப் பார்த்தேன், ஐந்தாவது வெடிக்குள் குழல் கரிப்பிடித்துக் கரடாகிவிட்டது.

குறி கூடியதற்கு நான் பெரிய காரணமாகச் சொல்வது ஊதுகுழலைத்தான். வெடித்ததும் மூடியைத் திறந்து, காலிக்கூட்டை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து நிதானமாக நாலு மூச்சு ஊதுகிறேன். மூச்சின் ஈரத்தில் கரி இளகிவிடுகிறது, அடுத்த குண்டு முந்தினது போன வழியிலேயே போகிறது. பக்கத்தில் சுடுபவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இப்போது 50 யார்டில் ஐந்து குண்டு இரண்டு அங்குலத்துக்குள், காற்றில்லாத நாளில் 100 யார்டில் நாலரை.

குறை என்றால் முன் குறிமுள் குட்டை. 50 யார்டில் ஏழெட்டு அங்குலம் மேலே அடித்தது, உயரமானது ஒன்று வாங்கி மாட்டி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவிச் சரிசெய்தேன். இந்த விலைக்கு அதை அவர்களே செய்து கொடுத்திருக்கலாம்.

ஒரு பெட்டித் தோட்டா வாங்கி, சுட்டு, துடைத்து வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதன் பக்கம் வரவேண்டாம். சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவாவிட்டால் குழல் துருப்பிடித்துவிடும், காலிக்கூடுகள் வீடு போகும்வரை சோப்புத் தண்ணீர் டப்பாவில் ஊறவேண்டும். கந்தக நாற்றத்துக்குப் பிறகு வீட்டுக் கெட்டிலை எனக்குத் தருவதில்லை, தனியாக ஒன்று வாங்கினேன். அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.