திருமுருகன்பூண்டியில் அப்பாவுக்குச் செதுக்கிய நினைவுக்கல்

1971 போரில் மேற்கு முனையில் நின்று, ஹவில்தாராக ஓய்வுபெற்று ஊர் திரும்பிய என் தந்தை சென்ற ஆண்டு மறைந்தார். புலியோடு பொருது மாண்டவருக்குக் கல் நாட்டி, அந்தப் புலிகுத்திக் கல்லை இன்றும் சாமியாகக் கும்பிடுகிற கொங்கு நாட்டில், பட்டாளத்துக்காரர் ஒருவருக்கு அச்சடித்த பதாகையோடு கடமை முடிந்துவிட்டதாக என்னால் எண்ண முடியவில்லை. காங்கேயத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் நான்கடி உயரக் கருங்கல் ஒன்றை நிறுத்த முடிவு செய்து, திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடம் ஒன்றில் வேலையைக் கொடுத்தோம்.

சாமி சிலைகளே அங்கு முதன்மையான வேலை. ஆயினும், மூத்த சிற்பி அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்கங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்து, "பேரு, நம்பரு எல்லாத்தையும் முதல்ல காயிதத்துல எழுதிக் காட்டுறனுங்க, நீங்க பாத்துச் சொன்ன பிறகுதான் உளி வெப்பனுங்க" என்றார். அந்த வழக்கம்தான் எங்களைக் காத்தது. வரைபடத்தில் ஆர்மி எண்ணின் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அப்பாவின் படைப்பிரிவான மதராஸ் ரெஜிமென்ட்டின் சின்னமான யானையோ, நெற்றிப்பட்டமும் மணியும் அணிந்த கோயில் யானையாக வந்திருந்தது.

யானையின் பிழையைக் கண்டுபிடித்தவர், அப்பாவுடன் வெலிங்டனில் பயிற்சி பெற்ற பெரியப்பா ஒருவர். எண்பதைக் கடந்த அவர் ஈரோட்டிலிருந்து பேருந்தில் வந்து, தம் பழைய தொப்பிச் சின்னத்தை மேசைமேல் வைத்து, 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவாக வந்த யானை அது என்றும், கேடயத்தின்மேல் அது நிற்கப் பின்னால் இரு வாள்கள் குறுக்கிட வேண்டும் என்றும் விளக்கினார். சிற்பி அவருக்கு நாற்காலி போட்டு அமர வைத்து, ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுத் திருத்தி வரைந்தார். இந்தச் சிற்பக்கூடத்தில் நான் முதலில் பாராட்டுவது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். செதுக்கு நேர்த்தியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயர், படைப்பிரிவு, 1971-இல் மேற்கு முனையில் நின்றவர்களுக்கு வழங்கிய பஸ்சிமி ஸ்டார் பதக்கம் ஆகியவற்றைப் பொன்வண்ணம் பூசி எழுதலாம் என்று நாங்கள் சொன்னபோது, வெயிலும் மழையும் வண்ணத்தை விட்டுவைக்கா என்று மறுத்து, எழுத்துகளை ஆழமாக வெட்டிக் கொடுத்தார்கள். யானையின் புடைப்பு வேலையில் குறை சொல்ல ஏதுமில்லை. கல்லின் பின்புறத்தை மட்டும் இன்னும் சற்று மழுக்கியிருக்கலாம்.

குறை காலத்தில்தான். நாற்பது நாள் என்று சொன்னவர்கள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள். கல்லை நிறுத்த நாங்கள் குறித்திருந்த, 1971 போரின் வெற்றி நாளான டிசம்பர் 16-க்கு இரண்டு நாள் முன்புதான் கல் வந்து சேர்ந்தது. மற்ற வேலைகளில் இந்தத் தாமதம் பெரிதல்ல. ஆனால் வர வேண்டிய தோழர்கள் எல்லோரும் எண்பதை ஒட்டியவர்கள். அவர்களுக்கு இன்னொரு நாள் குறிப்பது எளிதன்று என்பதைச் சிற்பக்கூடத்தார் உணர்ந்திருக்க வேண்டும். வண்டிக்கும் கல்லை நிறுத்தும் ஆட்களுக்கும் கூலி தனி என்பதையும் கடைசியில்தான் சொன்னார்கள்.

அன்று நால்வர் வந்தார்கள். கண்பார்வை மங்கிய ஒருவர் கல்லருகே குனிந்து, வெட்டிய எழுத்துகளில் விரலை ஓட்டி ஆர்மி எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்து முடித்து, நிமிர்ந்து சல்யூட் அடித்தார்.

டிசம்பருக்குக் கல் வேண்டுவோர் ஆகஸ்டிலேயே வேலையைக் கொடுத்துவிடுங்கள். வரைபடத்தைச் சரிபார்க்க, உடன் பணியாற்றியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.