படகில் செல்போன் சிக்னல்: பூஸ்டருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கரை விலகியதும் சிக்னல் போனால் எல்லோரும் முதலில் தேடுவது, வரும் சிக்னலைப் பெருக்கித் தரும் பூஸ்டரைத்தான். நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அளவில், அதைக் கடைசியாக யோசித்தால் போதும்.

முதலில் உயரம். டவரின் ஆன்டெனா 50 மீட்டரில் இருந்தால், 1.5 மீட்டர் உயரத்தில் கையிலிருக்கும் போனுக்கு ரேடியோ அடிவானம், அதாவது பூமியின் வளைவு மறைக்காமல் அலை எட்டும் தூரம், சுமார் 34 கி.மீ. பாய்மரத்தில் 9 மீட்டருக்கு ஏற்றிய ஆன்டெனாவுக்கு அது 41 கி.மீ. ஆகிவிடும்.

ஏற்றிய உயரத்தின் பலனைக் கேபிள் தின்றுவிடும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மெல்லிய ஆர்ஜி-58 கேபிள், 900 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபல் விழுங்கும். மேலே பிடித்த சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் கீழே வரும். தடித்த எல்எம்ஆர்-400 கேபிள் என்றால் இழப்பு 1.3 டெசிபல்தான். ஆனால் அது விரல் கனம், சின்னப் படகின் மூலைகளில் வளையாது. அதனால் எங்கள் தேர்வு வேறு: மழை தாங்கும் 4ஜி ரவுட்டரையே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் மாட்டி, மின்சாரத்தையும் டேட்டாவையும் ஒரே ஈதர்நெட் கேபிளில் இறக்குவது. போன் பேச வைஃபை காலிங், அதாவது ரவுட்டரின் வைஃபை வழியே பேசும் வசதி. இரண்டு ஆன்டெனா இணைத்தால் வேகமும் கூடும். ஒற்றை ஆன்டெனா பூஸ்டரில் அது கிடைக்காது.

ஆன்டெனாவின் கெயின் (சிக்னலைக் குவிக்கும் திறன்; டிபிஐ அலகில் சொல்வார்கள்) அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 9 டிபிஐ ஆன்டெனாவின் வீச்சு மேலும் கீழும் ஒடுங்கியது; படகு உருளும்போது டவரை விட்டு விலகிவிடும். சிறு படகுக்கு 3 முதல் 6 டிபிஐ போதும்.

பூஸ்டர்தான் வேண்டுமென்றால், உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் தள்ளி, மேலும் கீழுமாக இருக்க வேண்டும். நெருங்கினால் தன் சிக்னலையே திரும்பப் பெருக்கி, கெயினைக் குறைத்துக்கொள்ளும் அல்லது அணைந்துவிடும். பல நாடுகளில் அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது குற்றம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுது பெரும்பாலும் கனெக்டரில்தான். உப்பு நீர் உள்ளே இறங்கிச் செம்பு பச்சை பூத்தால், கருவி நன்றாக இருந்தும் சிக்னல் மெல்ல இறங்கும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, பாதிப் பாதி மேல்படியச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் டேப் ஒன்று. ரவுட்டர் காட்டும் ஆர்எஸ்ஆர்பி அளவை (டவரிலிருந்து வந்து சேரும் சிக்னலின் பலம்), பொருத்திய அன்றே ஒரே இடத்தில் நின்று குறித்து வையுங்கள். பிறகு அதே இடத்தில் 6 டெசிபல் குறைந்தால் முதலில் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ரவுட்டர் அணைந்து எழுந்தால், 12 வோல்ட் சரிகிறது; நடுவில் வோல்டேஜைச் சீராக வைக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும்.