யூரோ நிம்ஃபிங் லைன்: நுனியில இருக்கிற அந்த லூப் படுத்துற பாடு

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தான், "அண்ணா, 10 அடி 3 வெயிட் ராட் வாங்கியாச்சு, யூரோ நிம்ஃபிங்குக்கு எந்த லைன் வாங்கட்டும், லீடர் ரெடிமேடா வாங்கவா இல்ல நானே கட்டவா"ன்னு. யூரோ நிம்ஃபிங்னா, எடை வச்ச நிம்ஃப (தண்ணிக்கடிப் பூச்சி மாதிரி கட்டின முள்ளு, ஃப்ளைல ஒரு வகை) ஆத்தோட அடியில ஓட விட்டு பிடிக்கிறது; லீடர்னா லைன் நுனிக்கும் அந்த முள்ளுக்கும் நடுவுல வர்ற மெலிசு இழை. அதே வாரம்தான் நான் என் யூரோ லைனோட நுனிய வெட்டித் தூக்கிப் போட்டுட்டு திரும்பக் கட்டி முடிச்சேன், அதனால பதில் கொஞ்சம் சூடாத்தான் வரும், பொறுத்துக்கோப்பா.

நான் மீன் பிடிக்கிறது வேல்ஸ்ல, லாங்கோலென் ஊர் பக்கம், டீ (Dee)ங்கிற ஆத்துல. ட்ரவுட் சீசன் செப்டம்பரோட முடிஞ்சதும் மார்ச் 14 வரைக்கும் கிரேலிங்ங்கிற மீன்தான். ஆறு அகலம், அடியில வழுக்குற பாறை, குளிர் விரலக் கடிக்கும். இங்க எது நின்னு பிடிக்குதோ அது எங்கயும் நிக்கும்.

முதல்ல லைன். சாதாரண ஃப்ளை ஃபிஷிங்ல லைனோட எடைதான் ஃப்ளைய கொண்டு போகுது. இதுல டங்ஸ்டன் மணி வச்ச நிம்ஃபோட எடைதான் லீடர இழுத்துட்டுப் போகுது, லைன் சும்மா பின்னாடி வருது, லீடர் நல்லா நீளமா போட்டா லைன் ராட் நுனியத் தாண்டவே தாண்டாது. அப்புறம் எதுக்கு யூரோ லைன்னு தனியா விக்கிறாங்கன்னா, பாதி காரணம் போட்டி விதி. உலகப் போட்டி நடத்துற ஃபிப்ஸ் மூஷ் விதிப்படி லீடர் ராட் நீளத்துல ரெண்டு மடங்கத் தாண்டக் கூடாது, லைனும் 0.55 மில்லிமீட்டர விட மெலிசா இருக்கக் கூடாது. கடையில இருக்கிற யூரோ லைன் நிறைய அதே 0.55ல இருக்கிறது அதனாலதான். நீ போட்டிக்குப் போகப் போறதில்ல, அந்த விதி உன்னைக் கட்டாது.

மிச்ச விஷயம் தொய்வு. ராட் நுனிக்கும் தண்ணிக்கும் நடுவுல எது தொங்கினாலும் அதோட எடைக்கு தொய்யும், அந்தத் தொய்வு நிம்ஃப மெல்ல மெல்ல உன் பக்கமா இழுத்து அடியில இருந்து தூக்கிடும். ஆத்துல மேல்தண்ணி வேகமா ஓடும், கல்லுக்குப் பக்கத்துல அடித்தண்ணி மெதுவா போகும், கிரேலிங் அந்த மெதுவான தண்ணியிலதான் நிக்கும், நிம்ஃப் அங்க இருந்து எழும்பிட்டா வேலை முடிஞ்சுது. விட்டம் பாதியானா எடை கால்வாசி ஆயிடும், அதனால 0.55 லைனுக்கும் 0.25 நைலானுக்கும் ஒரே நீளத்துல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு வித்தியாசம். பக்கத்துலயே பிடிச்சா தெரியாது, எட்டு மீட்டர் தள்ளி பிடிக்கும்போது பளிச்சுன்னு தெரியும்.

இதெல்லாம் இருந்தாலும் என் லைன் நல்ல லைன், அத ஒத்துக்கணும். பின்னல் கோர், குளிர்ல சுருண்டு நிக்காது, கோட்டிங் சில வருஷம் கழிச்சும் வழவழன்னு இருக்கு, ஈரக் கையில நழுவாது, மீன் தொட்டதும் விரல்ல பிடிச்சு சுண்ட வசதி.

ஆனா அந்த லூப்! கம்பெனியிலயே நுனிய மடிச்சு வெல்டு பண்ணி கொடுக்கிற லூப். மெலிசு லைனுக்கு மெலிசு ராட், மெலிசு ராடுக்கு லைன் போறதுக்கு குட்டி வளையம், அதுக்குள்ள இந்த மொத்தையான லூப்பும் அதுல கோத்த லீடர் லூப்பும் சேர்ந்து போகணுமாம். கணக்கப் பாரு: லீடர் 6 மீட்டர், ராட் 3 மீட்டர். மீன் கைவலைக்குப் பக்கத்துல வரும்போது வெளிய இருக்கிறது மூணு, மூணரை மீட்டர்தான், அப்போ அந்த முடிச்சு ராட்டுக்குள்ள இறங்கியிருக்கும். மீன் உன் காலப் பாத்ததும் கடைசியா ஒரு ஓட்டம் ஓடும், லூப் ஒவ்வொரு வளையமா டக் டக்குன்னு இடிச்சுட்டு வந்து நுனி வளையத்துல நிக்கும், 7எக்ஸ் டிப்பெட் (லீடரோட கடைசி மெலிசு இழை, எக்ஸ் எண் கூடக் கூட இன்னும் மெலிசு) அந்த இடிய தாங்காது. கிரேலிங் பெரிய முதுகுத் துடுப்ப விரிச்சு ஓட்டத்துல குறுக்க நிக்கிற மீன், அந்த நேரத்துல லைன் அரை விநாடி நின்னாலே போச்சு. உறைபனி காலையில வளையத்துல ஐஸ் கட்டினா இன்னும் மோசம். இவ்ளோ காசு வாங்குற லைன்ல இத யோசிக்கலையேன்னு எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறல.

கடைசியில வெல்டுக்கு பின்னாடி கோட்டிங் வெடிச்சு கோர் வெளிய தெரிஞ்சுது. வெட்டிட்டேன். லீடர நாலு சுத்து நெயில் நாட்ங்கிற முடிச்சு போட்டு லைனோட இறுக்கி, மிச்சத்த ஒட்ட நறுக்கி, மேல மெலிசா யூவி பசை ஒரு பூச்சு. ரெண்டு பக்கமும் விரலால உருவிப் பாத்தா தட்டுப்படவே கூடாது, அதுதான் அளவு. இப்போ வளையத்துல சத்தமே இல்ல.

லீடர் நீயே கட்டு. மாக்ஸிமா கமீலியன்ங்கிற நைலான் 10 பவுண்டு, அது 0.30 மில்லிமீட்டர், அஞ்சு மீட்டர். அதுக்கு கீழ சைட்டர், அதான் மீன் தொடுறத கண்ணுக்குக் காட்டுற கலர் நைலான், அரை மீட்டர், கீழ டிப்பெட் கட்டுற 2 மில்லிமீட்டர் குட்டி வளையம் (டிப்பெட் ரிங்), அப்புறம் 6எக்ஸ் ஃப்ளூரோகார்பன் தண்ணி ஆழத்த விட கொஞ்சம் அதிகமா. டிப்பெட் மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரே தடிமனா இருக்கணும், மெலிசா இருக்க இருக்க ஓட்டம் அத தள்ளுறது குறையும், சின்ன மணியே அடிக்கு போயிடும். ஆத்தங்கரையில லீடர கையால நல்லா இழுத்து நீட்டிட்டு ஆரம்பி, இல்லன்னா குளிர்ல சுருள் சுருளா நிக்கும்.

சைட்டர்ல மட்டும் காசு பாக்காதே. அந்த அரை மீட்டர் கலர் நைலான் எனக்கு இன்னும் அதிசயமாத்தான் இருக்கு. நிம்ஃப் அடியில ஓட்டத்தோட போகும்போது ஒரு சாய்வுல நிதானமா போகும், கல்லுல தட்டினா லேசா துடிக்கும், மீன் வாய் வச்சா அந்தச் சாய்வு மாறும், சில சமயம் நிக்கக் கூட நிக்காது, வேகம் மட்டும் குறையும், கைக்கு ஒண்ணும் தெரியறதுக்கு முன்னாடியே கண்ணுக்கு தெரிஞ்சுடும். குளிர்கால வெயில் தாழ வந்து தண்ணி பளபளக்கும்போது மஞ்சள் காணாமப் போயிடும், ஆரஞ்சு தாக்குப்பிடிக்கும், வானத்து வெளிச்சம் விழுற இடத்துல கறுப்புதான் தெரியும். ரெண்டு கலர் மாத்தி மாத்தி வர்றத வாங்கு.

இன்னும் மெலிசா 0.20ல முழு லீடரும் போடுறவங்க இருக்காங்க. தொய்வு இல்லவே இல்லன்னு சொல்லலாம், ஆனா காத்து அடிச்சா அது போற திசை வேற, விறைச்ச விரலுக்கு பிடியே கிடைக்காது. முதல் வருஷத்துக்கு அது வேண்டாம்.

ஆக, லைன் வாங்காதே. இத்தனை நல்லது சொல்லிட்டு இப்படி சொல்றேனேன்னு நினைப்ப, என் ரீல்ல அதுதான் இருக்கு, இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கும். ஆனா இன்னிக்கு என்கிட்ட கேட்டா அந்த லூப்புக்கு காசு கொடுன்னு என் வாயால வராது. ரீல்ல இருக்கிற பழைய லைனே இருக்கட்டும், மேல சொன்ன 10 பவுண்டு நைலான அஞ்சுக்குப் பதிலா எட்டு மீட்டரா ஆக்கிக்கோ, லைன் வெளிய வராது. டீ ஆத்துல போட்டி நாளத் தவிர யாரும் அளந்து பாக்கப் போறதில்ல, ஆனாலும் உன் கிளப் விதிய ஒரு தடவை படிச்சுடு, சில இடத்துல லீடர் நீளத்துக்கு கட்டுப்பாடு வச்சிருக்காங்க. லூப் வச்ச லைன் ஏற்கனவே வாங்கிட்டேன்னா ரீல எடுத்துட்டு வா, கால் மணி நேர வேலை, யூவி பசை என்கிட்ட இருக்கு.